பல்லால் எழுதிய சேதி

"சொக்கி அக்கா, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி வச்சு, அம்மாவுக்கு மட்டும் ஒரு சேதி சொல்ல முடியுமா?"

பல்லக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு இளவரசி முத்துவடிவு இப்படிக் கேட்டாள். கல்யாணம் முடிந்து புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். மேளக்காரர்கள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். சொக்கி அந்த அரண்மனையின் விகடகவி. எதைக் கேட்டாலும் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். வடிவு பிறந்த நாளிலிருந்து அவளுக்குக் கதை சொல்லிச் சோறு ஊட்டியவளும் அவள்தான்.

"முடியும் கண்ணு," என்றாள் சொக்கி. "ஒளிச்சு வச்சாத்தான் தேடுவாங்க. நடு வீட்டுல போட்டு வச்சா, குப்பைன்னு தாண்டிப் போயிருவாங்க."

வடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பல்லக்கு கிளம்பிவிட்டது.

இதெல்லாம் முன்னொரு காலத்தில் நடந்தது. எந்த நாடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆற்றுக்கு இக்கரையில் ஒரு ராஜ்ஜியம், அக்கரையில் ஒரு ராஜ்ஜியம். அக்கரைக்குத்தான் வடிவு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இக்கரை ராஜாவின் பெயர் வீரகண்டர். மதம் பிடித்த யானைக்கு எதிரே நிற்கச் சொன்னால் நிற்பார். ஆனால் தன் ரகசியம் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்றால் மட்டும் அவருக்குக் கை கால் உதறும்.

அந்தப் பயத்தைக் கிளப்பியது ஒரு பானை பலாக்கொட்டை. ராஜாவுக்குப் பலாக்கொட்டை வறுவல் என்றால் உயிர். வாயுத் தொல்லை என்று வைத்தியர் தடை போட்டிருந்ததால் திரைக்குப் பின்னால் நின்று தின்பார். அவருடைய பிறந்தநாளன்று எங்கேயோ ஒரு தூரதேசத்து ராஜா ஒரு பானை நிறையப் பலாக்கொட்டை வறுத்து அனுப்பிவிட்டார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. வைத்தியரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம் திரைக்குப் பின்னால் மெல்லுவது அயல்தேசத்துக்கு எப்படித் தெரிந்தது?" என்று ராஜா கொதித்தார். "இன்று முதல் இந்த அரண்மனையில் எந்தச் சொல்லும் பச்சையாக வெளியே போகக் கூடாது!"

அப்போதுதான் சூட்சுமராயர் வந்து சேர்ந்தார். பல தேசத்து ரகசிய எழுத்துகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். ஒரு எழுத்து எழுத வேண்டிய இடத்தில் அதற்கு அப்பால் இருக்கும் வேறொரு எழுத்தை எழுதுவார். அதைக் கீழிருந்து மேலாக மாற்றுவார். படித்தால் கொக்கு கத்துவது போலிருக்கும். ராஜா அவரை மறைமொழித் தலைவர் ஆக்கி, தங்கப்பூண் போட்ட கோலும் கொடுத்தார்.

பிறகு அரண்மனை பட்ட பாடு கொஞ்சமல்ல. மத்தியானச் சமையல் என்ன என்கிற உத்தரவுகூட மறைமொழியில்தான் அடுக்களைக்குப் போகும். சமையல்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ராயரிடம் ஓடுவார். ராயர் பூஜையில் இருப்பார். பூஜை முடிந்து அர்த்தம் தெரிந்து அடுப்பு மூட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒருநாள் ராஜா பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது சொக்கி சொன்னாள்:

"மகாராஜா, இன்று என்ன சமையல் என்பது சமைக்கிறவருக்கே தெரியவில்லை. எதிரிக்கு எப்படித் தெரியும்? ராயர் கெட்டிக்காரர்தான்."

ராஜா புரையேறச் சிரித்தார். ராயர் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவர் சொக்கிமேல் பல்லைக் கடித்துக் கறுவத் தொடங்கிவிட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வடிவின் ஓலைகளும் மறைமொழியில்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டதைத்தான் ராணி செங்கமலத்தால் பொறுக்க முடியவில்லை. ஓலை வந்ததும் ராயர் அதைச் சபையில் பிரித்து, தொண்டையைக் கனைத்து, "இளவரசியார் நலம். தங்கள் நலம் நாடுகிறார்," என்று அர்த்தம் சொல்லுவார். எப்போதும் அதே அர்த்தம்தான்.

"என் பொண்ணு ஒரு விஷயத்தச் சொல்ல ஆரம்பிச்சா, நடுவுல பூனை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் வந்துதான் முடியும்," என்று ராணி ஒருநாள் சொக்கியிடம் குறைப்பட்டாள். "இப்ப வர்ற ஓலையில அவ எங்கடி இருக்கா? ராயருதான் இருக்காரு."

அதனால் ராணி ஓலை அனுப்புவதையே நிறுத்திவிட்டாள். பதிலுக்கு, ஒரு பித்தளைத் தூக்கு நிறைய அதிரசம் சுட்டு அக்கரைக்கு அனுப்பத் தொடங்கினாள். பலகாரத்துக்கு மறைமொழி கிடையாதே! ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது ராஜா வீட்டுக்கும் பொது, குடிசைக்கும் பொது. வடிவும் தூக்கை வெறுமனே அனுப்பியதில்லை. ஒரு தடவை கற்கண்டு வரும். ஒரு தடவை ஒரு கைப்பிடி பச்சரிசி வரும். ராணி அதைத் தன் கையால் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பாள்.

ராயர் அதையும் விடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பாத்திரத்தையும் சபையில், தம் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று ராஜாவிடம் உத்தரவு வாங்கிவிட்டார்.

அப்படித் திறந்த ஒரு நாளில்தான் வந்தது வினை.

அக்கரையிலிருந்து பெரியகருப்பன் என்கிற குதிரை வீரன் தூக்கைக் கொண்டுவந்து சபை நடுவில் வைத்தான். காவலன் மூடியைத் திறந்தான். கற்கண்டு இல்லை. அரிசி இல்லை. அடியில் ஒரே ஒரு பச்சைப் புளியங்காய் கிடந்தது. அதுவும் முழுசாக இல்லை. முக்கால்வாசியைக் கடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டிருந்தது. பல் பதிந்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

சபையில் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள்.

"எச்சில்!"

"ராஜாவுக்கு எச்சில் அனுப்புவதா?"

ராஜாவின் மீசை துடித்தது. "ஏனப்பா, இதை யார் கொடுத்தது?"

"எங்க இளைய ராணி வடிவம்மாவே கையால மூடிக் கொடுத்தாங்க, மகாராஜா," என்றான் பெரியகருப்பன். "எங்க கோட்டை வாசல்ல தொறந்து பாத்தாங்க. குப்பைன்னு தூக்கி எறியத்தான் போனாங்க. நான்தான், எதுவா இருந்தாலும் சேர்க்கணும்னு வாங்கிட்டு வந்தேன்."

சூட்சுமராயர் தங்கப்பூண் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். இப்படி ஒரு நாளுக்காகவே பிறந்தவர் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பதற வேண்டாம், மகாராஜா. இது எச்சில் அல்ல, மறைமொழி. இளவரசியார் மூலமாக அவருடைய மாமனார் சொல்லி அனுப்பியது. நம் இரு நாட்டுக்கும் எல்லை எது? ஆற்றங்கரைப் புளியந்தோப்பு. இந்தக் காயில் முக்கால் பங்கைக் காணோம். தோப்பில் முக்கால் பங்கை அவர்கள் விழுங்கப் போகிறார்கள் என்று பொருள். பல் தடம் மூன்று வரிசை. அதாவது யானை, குதிரை, காலாள் என மூன்று படை. புளிப்பு என்றால் பகை. குழந்தைக்குக்கூட விளங்கும்!"

"அடப்பாவி சம்பந்தி!" என்று ராஜா சிங்காசனத்தைத் தட்டினார். "பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கா எச்சில்? தளபதியாரே, முரசு அடியுங்கள். நாளைக் காலை படை ஆற்றைத் தாண்ட வேண்டும்!"

தூணோரம் உட்கார்ந்திருந்த சொக்கி எழுந்து போய்த் தூக்குக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. வடிவுக்கு மசக்கை. பிள்ளை உண்டானவளுக்குத்தான் இந்தப் புளிப்பு இப்படி இனிக்கும். மற்றவர்களுக்கு எச்சில். ஆனால் அந்தப் பெண் சின்ன வயதிலிருந்தே எதைக் கடித்தாலும் பாதியை அம்மா வாயில் திணிப்பவள். அம்மாவுக்கு மட்டும் என்று கேட்டாளே, அந்தச் சேதி இதுதான். எல்லார் கண்ணிலும் பட்டு, எல்லாரும் குப்பை என்று தாண்டிப் போக, ஆற்றைக் கடந்து வந்துவிட்டது.

சந்தோஷத்தில் சொக்கிக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். காரணம் இருந்தது. அக்கரை நாட்டு வழக்கம் பொல்லாதது. ஐந்தாம் மாதம் பிறந்து, மாமியாரே சீர்த்தட்டோடு வந்து பெண்ணின் அம்மாவிடம் சொல்லும்வரை, அந்தச் சேதியை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும் என்பார்கள். வடிவு வாயைத் திறக்காததும், ஓலையில் எழுதாததும் அதனால்தான். இப்போது சபை நடுவில் சொக்கி போட்டு உடைத்தால், அது பெரியகருப்பனுக்கு முன்னாலேயே அக்கரைக்குப் போய்விடும். மாமியார் வீட்டில் அந்தப் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். சொல்லாமல் இருந்தாலோ, விடிந்தால் வடிவின் அப்பாவும் புருஷனும் ஆற்றங்கரையில் கத்தியோடு நிற்பார்கள்.

"மகாராஜா," என்றாள் சொக்கி, "முரசடிப்பவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். இது போர் ஓலை அல்ல."

"பின்னே என்ன?" என்றார் ராயர், கோலைத் தட்டி.

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டாளாம்! தெரியாது என்று சொல், அம்மா. அதிரசம் தின்று விகடம் பண்ணுவது வேறு, மறைமொழி படிப்பது வேறு." ராயர் ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, என் பொருள் பிழை என்று இந்தப் பெண் இப்போதே காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் இந்தச் சபையில் இனி அவளுக்கு இடம் கிடையாது என்று கட்டளையிடுங்கள்."

ராஜா சொக்கியைப் பார்த்தார். பழகிய முகம். ஆனாலும், "அப்படியே ஆகட்டும்," என்றார். "என்ன சொக்கி, காட்டுகிறாயா?"

"காட்டுகிறேன். ஆனால் வாயால் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு கூடை பச்சைப் புளியங்காய் வேண்டும்."

அரண்மனைக் கொல்லையில் ஒரு கிழட்டுப் புளிய மரம் உண்டு. காவலர்கள் போய் உலுக்கி ஒரு கூடை கொண்டுவந்தார்கள். சொக்கி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் பரிமாறுவது போல, மந்திரி பிரதானிகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காயை வைத்தாள். பெரியகருப்பனுக்கும் கொடுத்தாள். ராஜாவுக்குப் பார்த்துப் பெரிதாக ஒன்று கொடுத்தாள்.

"இது எதற்கு?" என்றார் ராஜா.

"ராயர் ஓலை எழுதுவது எழுத்தாணியால், மகாராஜா. அதைக் கண்ணால் படிக்கலாம். இந்தச் சேதியை எழுதியது பல். பல்லால் எழுதியதைப் பல்லால்தான் படிக்க வேண்டும். எல்லாரும் கடியுங்கள். வந்த காயில் எவ்வளவு தின்றிருக்கிறதோ அவ்வளவும் தின்ன வேண்டும். துப்பக் கூடாது."

"பைத்தியக்காரத்தனம்!" என்றார் ராயர்.

"ராயருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் விட்டுவிடலாம்," என்றாள் சொக்கி பணிவாக.

அதற்கு மேல் அவரால் சும்மா இருக்க முடியுமா? முதல் கடி அவர்தான் கடித்தார். கடித்ததும் அவருடைய இரண்டு கண்ணும் மூக்குக்கு நடுவே ஓடி ஒளிந்துகொண்டன. தோள் இரண்டும் காதைத் தொட்டன. தங்கப்பூண் கோல் கீழே விழுந்தது. தளபதியார் முகத்தில் மட்டும் ஏழெட்டு வெட்டுக்காயம் இருக்கும். அத்தனைக்கும் அழாதவர், ஒரு கடி கடித்துவிட்டு, "அய்யோ அம்மா!" என்று தொடையைத் தட்டினார். கருவூல அதிகாரி பல் கூசி, தாடையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். பெரியகருப்பன் குதிரை கனைப்பது போல ஒரு சத்தம் போட்டான். சபையில் உடல் சிலிர்க்காத ஆள் இல்லை.

ராஜாவும் கடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வீரகண்டர் என்கிற பெயரைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு கடியும் கடித்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை.

"தண்ணீர்..." என்றார்.

சொக்கி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "போதுமா, மகாராஜா? பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் ஒரு கடிக்கே உட்கார்ந்துவிட்டார்கள். தங்களை மிரட்ட வேண்டும் என்று ஒரு எதிரி இதைக் கடித்திருந்தால், அவனும் ஒரு கடியோடு துப்பியிருப்பான். இந்தக் காயைப் பாருங்கள்." தூக்கிலிருந்து அதை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "ஓட்டோடு ஒட்டியதைக்கூட விடாமல் சுரண்டித் தின்றிருக்கிறது. கொட்டையைச் சப்பியிருக்கிறது. இது கோபத்தில் கடித்தது இல்லை. ஆசையாகத் தின்றது. முக்கால்வாசியைத் தின்றுவிட்டு, மனசே இல்லாமல் மிச்சம் வைத்தது. என் கேள்வி ஒன்றுதான். இந்தப் பூமியில் இதை இவ்வளவு ருசித்துத் தின்னக்கூடியவர் யார்? தெரிந்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம். மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்."

ராஜா செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே யோசித்தார். யார் தின்பார்கள் இதை? குரங்குகூடத் தின்னாதே. ஆனால் எங்கேயோ பார்த்திருக்கிறார். பச்சைப் புளியங்காயைச் சப்புக்கொட்டித் தின்ற ஒரு முகம். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நீட்டிய ஒரு கை. கொல்லை மரம். காவலர் யாரையும் கூப்பிடக் கூடாது, நீங்களே ஏறிப் பறித்தால்தான் தின்பேன் என்று கீழே நின்று அடம் பிடித்த செங்கமலம். அப்போது அவர் பட்டத்துக்கு வந்த புதுசு. கிரீடத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். இறங்கும்போது முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அந்த வருஷம்தான் முத்துவடிவு பிறந்தாள்.

செம்பு ராஜாவின் வாயிலேயே நின்றுவிட்டது.

மெதுவாக அதை இறக்கி வைத்தார். "சொக்கி," என்றார். குரல் சன்னமாக இருந்தது. "இது... அதுவா?"

"எது, மகாராஜா?" என்றாள் சொக்கி. "எனக்கு மறைமொழி தெரியாதே."

ராஜா சபையைப் பார்த்தார். தளபதியார் தரையைப் பார்த்துக்கொண்டு மீசைக்குள் சிரித்தார். கருவூல அதிகாரி தாடையைப் பிடித்தபடியே பூரித்துப்போய் நின்றார். நாலு பேரன் எடுத்த கிழட்டு மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியகருப்பன்கூட, 'அட, இதுதானா?' என்பது போல வாயைப் பொத்திக்கொண்டான். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்கரை வழக்கம் சொல்லக் கூடாது என்பதுதான். தெரியக் கூடாது என்று அதில் இல்லை.

அப்போது ராஜா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வயிறு குலுங்கியது, பிறகு தோள், பிறகு சிங்காசனமே குலுங்கியது. "முரசை உறையில் போடுங்கள்!" என்றார். சிரித்தார். "சம்பந்தியோடு போராம்! மூன்று படையாம்! ஒரே ஒரு சிப்பாய்தான் வரப்போகிறான், அதுவும் தவழ்ந்து..." சொக்கி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள். ராஜா தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளும் சிரித்தார்.

சபை மொத்தமும் சிரித்தது. ஒருவருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"மகாராஜா," என்றார் சூட்சுமராயர், கூசிய பல்லைத் தடவிக்கொண்டு. "என்ன பொருள் என்று அடியேனுக்கும் சொன்னால்..."

"ராயரே, உமக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ஐந்து, மகாராஜா."

"ஐந்து தடவையும் எங்கே போயிருந்தீர்?"

"மறைமொழி ஆராய்ச்சியில் இருந்தேன், மகாராஜா."

"அது தெரிகிறது," என்றார் ராஜா. "வீட்டுக்குப் போய் உமது மனைவியிடம் இந்தக் காயைப் பற்றிக் கேளும். அந்த அம்மாள் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் உமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்."

பெரியகருப்பனுக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார்கள். "தூக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது என்று மட்டும் உங்கள் இளைய ராணியிடம் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே," என்றார் ராஜா. பிறகு தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சொக்கியின் கையில் வைத்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள். பாதி ராஜ்ஜியம் மட்டும் கேட்காதே. இனி அதற்கு வாரிசு வரப்..." மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டார்.

சொக்கி மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒன்றுதான் கேட்பேன், மகாராஜா. அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே போய் வருகிற தூக்கை இனி யாரும் திறக்கக் கூடாது. ராயரும் கூடாது. நானும் கூடாது. தாங்களும் கூடாது. உள்ளே பலாக்கொட்டை வறுவலே இருந்தாலும் கூடாது."

ராஜா ஒரு நொடி தயங்கினார். பலாக்கொட்டை என்றதும் அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. வைத்தியரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி, தந்தேன்," என்றார்.

அந்நேரம் அந்தப்புரத்துப் பக்கத்துத் திரை விலகியது.

ராணி செங்கமலம் ஒருநாளும் சபைக்குள் வந்தவள் அல்ல. எல்லாவற்றையும் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அத்தனை பேருக்கும் நடுவே நடந்து வந்தாள். சிரிப்பு அப்படியே அடங்கியது. மந்திரிகள் எழுந்து வழிவிட்டார்கள். ராயர்கூடக் கோலை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

ராணி நேராகச் சொக்கியிடம் வந்தாள். அவள் கையிலிருந்த அந்தக் கடித்த காயை வாங்கினாள். அதில் இருந்த பல் தடத்தின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். ராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராணி அவரைப் பார்க்கவில்லை. மகள் மிச்சம் வைத்த கால்வாசியையும் வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். அவளுடைய முகம் கொஞ்சம்கூடச் சுளிக்கவில்லை.

பிறகு காலியான பித்தளைத் தூக்கை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுக்களையைப் பார்த்து நடந்து போய்விட்டாள்.